முட்டி தேய்ஞ்சுபோச்சு

முழங்கால் வலியோடு இருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். சில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். ‘தேய்ஞ்சுபோச்சு.’ ‘வயசாச்சுல்ல.’ ‘இனிமே இப்படித்தான்.’ முதுகுவலிக்காரர் என்றால், ‘டிஸ்க் போயிடுச்சு.’ நம்மிடம் ஒரு தடவை சொல்கிறார்கள். தங்களுக்குள் நாள் முழுக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். கட்டிலை விட்டு எழும்போது, மாடிப்படியில் கைப்பிடியைத் தேடும்போது, கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்கலாமா என்று யோசிக்கும்போது, அந்த வாக்கியம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். முட்டி, முதுகு வலிகளிலிருந்து மீள மாதக்கணக்கில் விடாமல் உடற்பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது. பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு விழுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே ஓடும் அந்த வாக்கியம்தான் காலைப் பிடித்து இழுக்கிறது.

என் அத்தைக்கு இரண்டு முட்டியிலும் வலி. பிசியோதெரபி படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்றாவது தடவை அழுத்தும்போது முட்டிக்குள் ‘கடக்’ என்றது. அத்தை சட்டென்று காலை மடக்கிக்கொண்டார். “பாத்தியாம்மா, இன்னும் தேயுது. இருக்கிறதையும் தேய்ச்சுட்டு அப்புறம் நான் எப்படி நடக்கிறது?”

அவர் நியாயத்தில் அது சரிதானே? அடிப்பாகம் தேய்ந்த செருப்பை யாரும் வெளியூர்ப் பயணத்துக்குப் போட்டுக்கொண்டு போவதில்லை, எடுத்து வைத்துவிடுவார்கள். முட்டியையும் அப்படித்தான் எடுத்து வைக்கப் பார்த்தார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: “வலி இல்லாதவங்க முட்டியிலயும் இந்தச் சத்தம் கேக்கும்மா. இது தேயுற சத்தம் இல்ல.” உண்மைதான். மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய்கள் கிடையாது. மூட்டு அசையும்போது, பாரம் ஏறி இறங்கும்போது, சுற்றியிருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேருகிறது. அசைக்காமல் வைத்திருந்தால் காப்பாற்றியதாக ஆகாது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடலாம், தொடர்ந்து செய்தால் பலன் உண்டு என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அத்தையின் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவில் முட்டி மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்களிடம் பேசி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. எலும்பும் எலும்பும் உரசுகின்றன, நடந்தால் இன்னும் கெடும் என்று அங்கேயும் பலர் நம்பினார்கள். உடற்பயிற்சி பக்கம் போகாததற்கு அந்த நம்பிக்கை பெரிய காரணம்.

இந்த உள்பேச்சை அளக்க 1995-இலேயே கனடாவில் மைக்கேல் சல்லிவன் குழுவினர் 13 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். வலியையே நினைத்துக்கொண்டிருப்பது, பெரிதாக்கிப் பார்ப்பது, என்னால் ஆகாது என்று கைவிடுவது ஆகிய மூன்றையும் அது பார்க்கிறது. பயத்தால் அசைவு குறைகிறது. அசைவு குறைந்தால் தசை தளர்கிறது. தசை தளர்ந்தால் சின்ன வேலைக்கும் வலிக்கிறது. வலித்ததும் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று உள்ளே ஒரு குரல். வாக்கியம் தனக்குத் தானே சாட்சி தேடிக்கொள்கிறது.

வலி மனப்பிரமை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறையப் பேர். வலி நிஜம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, காலில் பலமின்மை, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ளதெல்லாம் தீர்ப்பும் அல்ல. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. “உங்க முதுகு எழுபது வயசுக்காரர் முதுகு மாதிரி இருக்கு” என்று நாற்பது வயதுக்காரரிடம் ஒரு டாக்டர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். அடுத்த நோயாளி உள்ளே வந்ததும் அவர் அதை மறந்திருப்பார். கேட்டவர் பல வருஷம் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதற்காக ‘எனக்கு வலியே இல்லை’ என்று காலையில் பத்துத் தடவை சொல்லிப் பயனில்லை. அடுத்த படியில் கால் வைத்ததும் உடம்பு அதைப் பொய்யாக்கிவிடும். சொல்வது உண்மையாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும். ‘முடிஞ்சா செய்றேன்’ என்றால் அது நடக்காது. ‘காபி குடிச்சதும் இந்தக் கட்டில்லயே பத்துத் தடவை’ என்றால் பெரும்பாலும் நடக்கும். எப்போது, எங்கே என்று சேர்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி கூடிய நாளில் ‘இது எனக்கு ஒத்துக்காது’ என்று நிறுத்திவிடாமல், ‘இன்னிக்கு அஞ்சு போதும்’ என்று சொல்லிக்கொள்ளத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முழுவதும் விட்டுவிடுவதற்கும் பத்துக்குப் பத்து செய்வதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. மீள்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அத்தைக்கு வலி போய்விடவில்லை. படி இறங்கும்போது இன்னும் முகம் சுளிக்கிறார். ஆனால் காய்கறிக் கடைக்கு அவரே போய் வருகிறார். முட்டி சத்தம் போட்டால், “போட்டுட்டுப் போகட்டும்” என்கிறார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கிறேன்’ என்று பாசத்தில் சொல்லும்போது, ‘உன்னால் முடியாது’ என்பதும் அதோடு சேர்ந்து அவர் காதில் விழுகிறது. அதைத்தான் ராத்திரி அவர் தனக்குச் சொல்லிக்கொள்வார். காலையில் எழுந்ததும் ‘இன்னிக்கு வலி எப்படி?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘பயிற்சி பண்ணலாமா, நானும் உட்காரட்டா?’ என்றும் கேளுங்கள்.