பரணில் தூங்கும் காவல்காரன்

பல வீடுகளில் பரண்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது. வாங்கிய புதிதில் அதற்குத் துணி போர்த்தி வைத்தார்கள். பொட்டும் வைத்தார்கள். புதியது வந்ததும் பழையது மேலே ஏறிவிட்டது. 2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்கள்கூட இப்போது பரணுக்குப் போகின்றன.

எடைக்குப் போடுமுன் சற்று யோசிக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாசலில் காவல் நிற்கும் வேலை!

வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 2016-ல் நடந்ததைப் பாருங்கள். "மிராய்" என்ற ஒரு கள்ளப் புரோகிராம் கிளம்பியது. வீட்டுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. பூட்டை உடைக்கவே இல்லை. தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே சொல்லி உள்ளே புகுந்தது! சொந்தக்காரர்கள் அதை மாற்றியிருக்கவில்லை. அப்படிப் பிடிபட்ட கருவிகள் ஒரு பட்டாளமாயின. அக்டோபர் 21-ந் தேதி அந்தப் பட்டாளம் ஏவிவிடப்பட்டது. ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. தங்கள் வீட்டுக் கேமரா அடியாளாகப் போனது வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் பெட்டியிலும் ஒரு காவல்காரன் உண்டு. ஆனால் சில வருஷம் போனால் அந்தப் பெட்டிக்குப் புதிய திருத்தங்கள் வருவது நின்றுவிடும். அப்புறம் காவல்காரன் இருந்தும் கண் தெரியாதவன்தான்.

பழைய கம்ப்யூட்டர் இங்கேதான் கை கொடுக்கிறது. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். வெளியிலிருந்து வரும் வயர் ஒன்றில் செருகப்படும். வீட்டுக்குள் போகும் வயர் மற்றதில். இனி எந்தச் செய்தி வந்தாலும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். உள்ளேயிருந்து யார், யாரிடம், என்ன கேட்டார்கள் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். கேட்டதற்குப் பதில் வந்தால் விடும். கூப்பிடாமல் வருகிறவனை வாசலிலேயே நிறுத்தும். மூன்றாவது கார்டு ஒன்று போட்டால் கேமராவையும் டி.வி.யையும் தனிக் கட்டில் வைக்கலாம். கேமரா கெட்டுப்போனாலும், பாங்கு வேலை பார்க்கும் கம்ப்யூட்டரை அது எட்டாது.

இதற்கான புரோகிராம் இலவசம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவேல் காஸ்பர் 2003-ல் "மோனோவால்" என்று ஒன்றை வெளியிட்டார். அதிலிருந்து பி.எஃப்.சென்ஸ் பிறந்தது. அதிலிருந்து ஓ.பி.என்.சென்ஸ் வந்தது. 2015-ல் காஸ்பர் தம் வேலையை நிறுத்திக்கொண்டார். நிறுத்தும்போது, ஓ.பி.என்.சென்ஸைப் பாருங்கள் என்று வழியும் காட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்!

ஆனால் எல்லாக் கிழமும் காவலுக்கு ஆகாது. ஓ.பி.என்.சென்ஸுக்கு 64 பிட் கம்ப்யூட்டர் வேண்டும். கரண்டுச் செலவும் உண்டு. 60 வாட் இழுக்கும் பெரிய பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும். 15 வாட் போதும் என்கிற சிறிய பெட்டியானால் சுமார் 11 யூனிட்தான். பில்லைப் பார்த்துவிட்டுப் பெரிய பெட்டியை மறுபடி பரணில் ஏற்றுவதில் தப்பில்லை. மாதம் ஒரு தடவையாவது திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ரௌட்டர், கேமரா பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றினால், அதுவே பாதிக் காவல்.

போனில் பேசி ஓ.டி.பி. கேட்கிறவனை இந்தக் காவல்காரனால் தடுக்க முடியாது. வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டால் அவன் என்ன செய்வான்?

இன்னொரு ஜாக்கிரதை. புதிய புரோகிராமை ஏற்றும்போது பழைய டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ அதில்தான் இருக்கும். பரணிலிருந்து இறக்கிய அன்றே அதைப் பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும்.