யானை நடந்து எல்லை போட்ட சீமை!
மணவூர் வட்டாரம் ராஜ்யம் மாறிய கதை

சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் ரயிலில் ஏறுங்கள். திருவள்ளூர் தாண்டியதும் கடம்பத்தூர் வரும். பிறகு செஞ்சி பனம்பாக்கம். அதற்கு அடுத்தது மணவூர். அதையும் விட்டால் திருவாலங்காடு.

தூரத்து எக்ஸ்பிரஸ் வண்டிகள் மணவூரைக் கண்டுகொள்வது இல்லை. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடும். "ஏதோ பட்டிக்காடு" என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால், ஒரு காலத்தில் ஒரு சீமைக்கே பெயர் கொடுத்த ஊர் அது!

தொண்டை மண்டலத்தை முன்னோர்கள் 24 கோட்டங்களாகப் பிரித்து இருந்தார்கள். அவற்றில் ஒன்று மணவிற் கோட்டம். அந்த "மணவில்"தான் இன்றைய மணவூர் என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

தளபதியின் ஊர்

முதலாம் குலோத்துங்க சோழனுக்கும், அவன் மகன் விக்கிரம சோழனுக்கும் ஒரு தளபதி இருந்தான். மணவிற் கூத்தன் என்று பெயர். நரலோக வீரன், காலிங்கராயன் என்ற பட்டங்களும் உண்டு. பாண்டிய நாட்டுப் போரில் வெற்றி கண்டவன்.

சண்டையில் கிடைத்த செல்வத்தை அவன் என்ன செய்தான்? சிதம்பரத்தில் நூற்றுக்கால் மண்டபம் கட்டினான். தேவாரப் பாடல்களைச் செப்பேட்டில் வெட்டி வைத்தான். சிதம்பரத்துக் கல்வெட்டுப் பாடல்கள் இதைச் சொல்கின்றன. மணவில் தலைவன் என்றே அவை அவனை அழைக்கின்றன. இன்று சிதம்பரம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு மணவூர் தெரியும்?

கல்லும் கள்ளியும்

பக்கத்து ஊரான திருவாலங்காடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்றதாகச் சொல்லப்படும் தலம். அருகே பழையனூர். நீலி கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு நடுங்காத குழந்தை உண்டா?

1905-ல் திருவாலங்காட்டில் ஒரு செப்பேடு அகப்பட்டது. வளையத்தில் கோத்த 31 தகடுகள்! ராஜேந்திர சோழன் தன் ஆட்சியின் 6-வது ஆண்டில் (சுமார் 1018) பழையனூரை இந்தக் கோவிலுக்குக் கொடுத்த சாசனம் அது.

அந்தக் காலத்தில் எல்லை அளந்த விதம் வேடிக்கையானது. பெண் யானை ஒன்றை முன்னால் நடக்க விடுவார்கள். ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் பின்னால் போவார்கள். சுற்றி வந்த வழியில் கல்லை நடுவார்கள். கள்ளிச் செடியும் நடுவார்கள். கல்லைப் பிடுங்கினாலும் கள்ளி காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

சுமார் 900 ஆண்டுகள் கழித்து, இதே பூமியில் மறுபடியும் எல்லைத் தகராறு வந்தது. இந்தத் தடவை யானை வரவில்லை. கமிட்டி வந்தது.

வீடு நகரவில்லை, விலாசம் மாறியது!

திருத்தணிப் பகுதி முதலில் வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அங்கே போயிற்று. திருத்தணியும், திருவாலங்காடும் கூடவே போய்விட்டன!

தமிழ் பேசும் மக்கள் பொறுப்பார்களா? ம.பொ.சிவஞானம் எல்லைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். மறியல் நடந்தது. பலர் சிறைக்குப் போனார்கள்.

வழக்கைத் தீர்க்க படாஸ்கர் வந்தார். அவர் 1957-ல் கொடுத்த முடிவில் ஒரு முக்கியமான விஷயம் இருந்தது. ஜில்லாவைப் பார்க்காதே, தாலுகாவைப் பார்க்காதே. கிராமத்தைப் பார் என்பதுதான் அது. அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம்? எந்தப் பக்கத்தோடு அது ஒட்டி இருக்கிறது? அதன்படி சேர்த்துவிடு.

இது நியாயமான வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜில்லா கணக்கில் பார்த்தால் சின்ன ஊரின் குரல் யாருக்குக் கேட்கும்? ஆனாலும், வீட்டுக்குள் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை என்று வாழ்கிற ஜனங்களை எந்தக் கோடும் சுத்தமாகப் பிரித்துவிட முடியாது.

1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. திருப்பதி திரும்பவில்லை. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களில் இருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. அப்போது உப ஜனாதிபதியாக இருந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் 1888-ல் பிறந்த ஊர் திருத்தணி. டெல்லியில் இருந்தவருக்கும் சொந்த ஊரின் ராஜ்யம் மாறியது!

அதன்பின் செங்கற்பட்டு ஜில்லா. 1997-ல் இருந்து திருவள்ளூர். ஒரே திண்ணையில் உட்கார்ந்து இருந்த கிழவர் ஒருவர், நகராமலே நாலு ஜில்லாக்களில் வாழ்ந்து இருக்கலாம்.

புதிய கல்

1856 ஜூலை 1-ந் தேதி, ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். அந்தத் தடத்தில்தான் மணவூரும் இருக்கிறது. ரயில் வந்தது, பட்டணம் பக்கமாயிற்று.

இப்போது பட்டணமே கிளம்பி வருகிறது. சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர் பக்கத்து வயல்களில் மறுபடியும் கல் நடுகிறார்கள். இது மனைக் கல். மனை போட்டவர் ஒரு புதுப் பெயர் வைக்கிறார். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் எந்த மனைக்குள் போயிற்று என்று சொல்வதற்குக் கள்ளிச் செடி இல்லை.

திருவாலங்காட்டில் கிடைத்த வெண்கல நடராஜர் சிலை ஒன்று உண்டு. அதன் போட்டோவைப் பார்த்தே பிரான்சு நாட்டுப் பெரும் சிற்பி ரோடின் மெய்மறந்து கட்டுரை எழுதினார். அந்தச் சிலை இன்று சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. மணவூர்ப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமானால், பட்டணத்துக்கு ரயில் ஏறத்தான் வேண்டும்.