வீட்டுத் தையலுக்கும் பேர் போட வேண்டும்

தோட்டத்தில் எந்த வேலைக்கும் ஒரு பேர் உண்டு. கொழுந்தெடுத்தால் பேர், கவ்வாத்து வெட்டினால் பேர், நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் ஏறாத வேலை வேலையே இல்லை என்பதுதான் இங்கே எழுதாத சட்டம். ஆனால் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, சோறாக்கிய பிறகு, நமது லயங்களில் இன்னொரு வேலை நடக்கிறது. அது எந்தச் செக்ரோலிலும் இல்லை. இஸ்தோப்பில் இருக்கும் மிதி மெசினில் நடக்கும் தையல் வேலையைத்தான் சொல்கிறோம்.

இதைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பளம், வீடு, காணி என்று பெரிய பிரச்சினைகள் இருக்கும்போது ஊசியும் நூலும் எதற்கு என்று நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும் என்கிறோம். ஏனென்றால் இதுவும் உழைப்பு. இந்த உழைப்பில்தான் பல குடும்பங்களின் மாதச் செலவு இழுபட்டு நிற்கிறது.

துணி இலவசம், தையல் கூலி?

1993ஆம் ஆண்டு முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது. எப்படி வந்தாலும் அது நல்ல திட்டம்தான். ஆனால் துணி கவுனாகவோ காற்சட்டையாகவோ தானாக மாறுவதில்லை. டவுனில் தையற்கடைக்குக் கொண்டுபோனால் கூலி கேட்பார்கள். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கூலியே ஒரு கடனாகிவிடுகிறது. பாடசாலையில் நாங்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்: துணி கிடைத்து வாரக்கணக்கான பிறகும் சில பிள்ளைகள் பழைய சட்டையோடுதான் வருவார்கள். வரவே கூச்சப்பட்டு நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு.

அந்த இடத்தில் கைகொடுப்பது யார்? லயத்தில் மெசின் வைத்திருக்கும் ஓர் அக்காதான். பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கூலி வாங்காமலும், வாங்கினால் நூல் காசை மட்டும் வாங்கியும் தைத்துக் கொடுக்கிறார். அது மட்டுமா? மலைக்குக் கட்டும் படங்கின் கிழிசலை அடைப்பது, கொழுந்துக் கயிறு தலையை அறுக்காதிருக்கப் பழந்துணியை மடித்துத் தைப்பது, கணவரின் சாரத்தை மூட்டுவது, திருவிழாவுக்குச் சாமியின் பட்டைத் தைப்பது, காமன் கூத்துக்காரருக்கு உடுப்புத் தைப்பது எல்லாம் அந்த ஒரு மெசினில்தான். தோட்டத்து நிர்வாகத்துக்கு இதில் ஒரு சதம் செலவில்லை. நாளை வேலைக்கு வரும் தொழிலாளியையும் நாளை மறுநாள் வரப்போகும் தலைமுறையையும் உடுத்தி அனுப்பும் செலவை இந்தப் பெண்களின் இரவு நேரம் ஏற்றுக்கொள்கிறது.

1984இல் வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கினோம். மலையில் வந்த சமத்துவம் காம்பராவுக்குள் இன்னும் முழுதாக வரவில்லை. டவுனில் போய்ப் பாருங்கள், தையற்கடையில் மெசினில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காசு வரும் இடத்தில் தையல் ஆண்களின் தொழில், காசு வராத இடத்தில் பெண்களின் கடமை. இது எப்படி?

பூப்போடத் தெரிந்த கை

தேவைக்குத் தைப்பதோடு நமது பெண்கள் நிற்கவில்லை. தலையணை உறையில் ரோசாப்பூ, பிள்ளையின் கவுனில் வண்ணத்துப்பூச்சி, திரைச்சீலையில் மயில் என்று போடுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அந்தத் திரைச்சீலை ஒன்றுதான் அழகுக்கென்று இருக்கும் பொருளாகவும் இருக்கலாம். நாள் முழுக்க அடுத்தவர் சொன்ன நிறைக்கு அடுத்தவர் சொன்ன மலையில் கொழுந்தெடுத்த கை, தன் விருப்பத்துக்கு ஒரு நிறத்தைத் தெரிவு செய்வது அந்த நேரத்தில்தான். அதை வெட்டிவேலை என்று யாரும் சொல்ல விடக்கூடாது.

மெசினில் பூவேலை செய்ய விலைகூடிய கம்பியூட்டர் மெசின் வேண்டும் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். வேண்டியதில்லை. பழைய மிதி மெசினிலேயே செய்யலாம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியைத் தள்ளும் பல்லைக் கீழே இறக்க வேண்டும். இறக்க முடியாத மெசினில் தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வைத்தாலும் போதும். துணியை வளையத்தில் மேளத் தோல் போல இறுக்கிப் பூட்டி, வளையத்தின் அடிப்பக்கம் தட்டில் படியும்படி வைக்க வேண்டும். மெல்லிய துணி என்றால் அடியில் ஒரு தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம். பொபின் நூலை ஊசி ஓட்டை வழியே மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும். மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் அடிநூல் பூவின் மேலே தெரியாது.

புதியவர்கள் மறப்பது ஒன்று உண்டு. பாதம் இல்லாவிட்டாலும் பாதத்தை இறக்கும் கைப்பிடியைக் கட்டாயம் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் மேல்நூலுக்குப் பிடிப்பு இருக்காது, துணிக்கு அடியில் நூல் கூடுகட்டிவிடும். பிறகு மெசினைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் ஒரே வேகத்தில் மிதிக்க வேண்டும், கை மெதுவாக வளையத்தை நகர்த்த வேண்டும். ஊசி ஓடும்போது விரல் வளையத்தின் ஓரத்தில் இருக்கட்டும். முதலில் கோடு, பிறகு வட்டம், பிறகு பிள்ளையின் பெயரின் முதலெழுத்து. ‘அ’ வளைவைச் சரியாகப் போடத் தெரிந்த கைக்கு ரோசாப்பூ வரும்.

எதைத் தைப்பது என்பதிலும் யோசிக்கலாம். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் கிலோக் கணக்கில் விற்கப்படுகின்றன. அவற்றை ஒட்டிக் கால்மிதி தைப்பவர்கள் இருக்கிறார்கள். அதே துண்டுகளை இரண்டு அடுக்காக வைத்து, நடுவில் பழைய சேலையையோ கம்பளியையோ கொடுத்துத் தைத்தால் குளிருக்கு நல்ல போர்வை. கொழுந்துக் கயிற்றுக்கு அடியில் வைக்கும் தலைப்பட்டியை நாலு அடுக்கில் தைத்தால் நெற்றிக்கு நோவு குறையும். சிலி நாட்டில் 1973இல் இராணுவ ஆட்சி வந்து ஆட்கள் காணாமலாக்கப்பட்டபோது, அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் துண்டுத் துணிகளைச் சாக்கில் ஒட்டித் தங்கள் கதையைத் தைத்தார்கள். அந்தத் துணிகள் நாடு கடந்து போய் உலகத்துக்கு உண்மையைச் சொல்லின. நமக்கும் சொல்ல இருநூறு வருடக் கதை இருக்கிறது. மயிலோடும் ரோசாவோடும் சேர்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும், லயமும், மண்சரிந்த மலையும் நமது வளையத்துக்குள் வரட்டும்.

தவணைக் காசும் தரகர் காசும்

லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். பத்து வருடம் கழித்து 1877இல் சிங்கர் கம்பனி புறக்கோட்டையில் கடை திறந்தது. தேயிலையும் தையல் மெசினும் இந்த நாட்டில் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். மெசினைத் தவணைக் காசுக்குக் கொடுக்கும் பழக்கத்தை அந்தக் கம்பனி அமெரிக்காவில் 1850களிலேயே தொடங்கிவிட்டது. கையில் காசில்லாதவரும் மெசின் வாங்க அது வழி செய்தது உண்மை. ஆனால் தவணையில் வாங்கும் எவரும் கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்: மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம்தான் வட்டி. மெசின் வாங்க நுண்கடன் எடுத்து, அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து முழிக்கும் சகோதரிகளை நாம் எல்லோரும் அறிவோம். நல்ல நிலையிலுள்ள பழைய மெசின் ஒன்று, புது மெசினின் கடனைவிட நிம்மதி.

அடுத்தது விலை. தெரிந்தவர்கள் ‘ஒரு சோடி உறை போட்டுத்தாங்க அக்கா’ என்று கேட்டால், துணிக்கும் நூலுக்கும் மட்டும் காசு வாங்குகிறோம். நேரத்துக்கு விலை போடுவதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024இல் அது 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 1350ஐ எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 169 ரூபாய். ஒரு சோடி உறையில் பூப்போட ஆறு மணித்தியாலம் போனால், கூலி மட்டும் 1000 ரூபாய்க்கு மேல். துணி, நூல், ஊசி, எண்ணெய், மின்சாரம் எல்லாம் அதற்கு மேலே. இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதி வையுங்கள். சம்பளம் கூடக்கூட இதுவும் கூட வேண்டும். சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடுப்பது உங்கள் மனசு. ஆனால் எவ்வளவு குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும்.

தரகர்கள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். துணியை வெட்டிக் கொண்டுவந்து லயத்தில் போட்டுவிட்டு, துண்டுக்கு இவ்வளவு என்று சொல்லிப் போகும் ஆட்கள் வரலாம். பிழை வந்தால் கழிவு, தாமதமானால் கழிவு. மெசின் நம்முடையது, கரண்டு நம்முடையது, முதுகுவலியும் நம்முடையது. தோட்டத்தில் வேலை செய்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நாம் 8 வீதமும் போடுகிறோம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் போடுகிறார். தரகர் கொடுக்கும் காசில் இவை ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து கூலிக்குச் செய்யும் தொழிலாளருக்கும் மற்றத் தொழிலாளருக்குள்ள உரிமை வேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனம் 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. இதைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களின் வேலை.

முதலாளி யாரென்று காட்ட முடியாத பெண்களுக்குச் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இதே கேள்வியை அகமதாபாத்தில் சேவா அமைப்பைப் பதிவு செய்யப் போனபோதும் கேட்டார்கள். சங்கம் முதலாளிக்கு எதிராக மட்டும் இல்லை, தொழிலாளரின் ஒற்றுமைக்காகவும்தான் என்று அந்தப் பெண்கள் வாதாடி, 1972இல் தொழிற்சங்கமாகவே பதிந்தார்கள். தைப்பவர்களும் பூவேலை செய்பவர்களும் அதில் அங்கத்தவர்கள். ஒருத்தியாகப் போனால் தரகர் சொன்னது விலை. இருபது பேராகப் போனால் நாம் சொல்வதையும் கேட்டாக வேண்டும்.

இன்னொரு பக்கமிருந்தும் ஓர் ஆபத்து வருகிறது. ‘சுயதொழில் செய்யுங்கள், மெசின் தருகிறோம்’ என்று பேசுகிறவர்களில் சிலர், சம்பளப் பேச்சு வரும்போது அதையே பதிலாகச் சொல்வார்கள். அவர்களுக்கு நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூவேலைக் காசு பூவேலைக்கு. கொழுந்துக்குரிய சம்பளம் கொழுந்துக்கு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க விடமாட்டோம்.

நாம் கேட்பது

ஒவ்வொரு டிவிசனிலும் வெளிச்சமுள்ள ஒரு தையல் அறை வேண்டும். பூட்டிக் கிடக்கும் கட்டிடங்கள் பல தோட்டங்களில் உண்டு. நிர்வாகம் ஒன்றைத் திறந்து தரட்டும். மங்கிய பல்பின் கீழே கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்கும் நிலை மாற வேண்டும். மெசின்களைக் கமிட்டி பொதுவில் வைத்துப் பராமரிக்கட்டும்.

சீருடைத் துணியோடு தையல் கூலியும் கொடுக்கும்படி அரசாங்கத்தைக் கேட்போம். அந்தக் கூலி தோட்டத்துப் பெண்களின் கைக்கே வரும்படி, பாடசாலையும் மாதர் கமிட்டியும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம்.

கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கும் வேறு ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்த் திரும்பிய பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். வருடக்கணக்கில் கொலரை மட்டும் அல்லது பொக்கெட்டை மட்டும் தைத்தவர்களுக்கு வேகம் தெரியும். முழுச் சட்டையை வெட்டித் தைக்க நமது சின்னம்மாமாருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஓர் அறையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் லாபம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சியும் சான்றிதழும் தமிழில், தோட்டத்துக்குக் கிட்ட வேண்டும் என்று கேட்போம்.

ஆண் பிள்ளைகளும் ஊசி பிடிக்கப் பழகட்டும். பொத்தான் தைக்கத் தெரியாத பையன் நாளைக்கு மனைவியின் இரவையும் எடுத்துக்கொள்வான்.

அடுத்த மாதர் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, யார் யாரிடம் மெசின் இருக்கிறது, எது ஓடுகிறது, எது ஓடவில்லை, யாருக்கு என்ன தைக்கத் தெரியும் என்று ஒரு பட்டியல் கொண்டு வாருங்கள். அதுதான் நமது முதல் செக்ரோல். அதில் எல்லாருக்கும் முழுப்பேர் போடுவோம். வரும் மே தினத்துக்கு அச்சடித்த பதாகையோடு சேர்த்து, ஒவ்வொரு டிவிசனும் தன் கையால் பூப்போட்ட ஒரு பதாகையும் கொண்டு வரட்டும்.