பின்னோக்கிப் பார்க்கும் எண்

ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள், அது சார்ந்து நின்ற பழைய கட்டுரைகளைக் கைவிட்டால் அது பாதையை மாற்றிய ஆய்வு. சேர்த்தே காட்டினால் பழையதை வலுப்படுத்திய ஆய்வு. ‘சி.டி. குறியீடு’ போடும் கணக்கு இவ்வளவுதான். வாட்சன், கிரிக்கின் 1953 டி.என்.ஏ. கட்டுரை இதில் உயரே நிற்கிறது. 1998இல் நோபல் பெற்ற வால்டர் கோன், லூ ஷாமுடன் 1965இல் எழுதிய கட்டுரையோ பூஜ்யத்துக்கும் கீழே! (அதன்பின் வேதியியல் கணக்கீடே மாறிப்போனது வேறு விஷயம்.) போதாக்குறைக்கு, மதிப்பெண் தெரியவே வழக்கமாக 5 ஆண்டு மேற்கோள்கள் சேர வேண்டும். 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பின்னாளில் நோபல் பெற்ற எம்.ஆர்.என்.ஏ. ஆய்வாளர் கட்டாலின் கரிக்கோவைப் பதவியிறக்கியபோது எந்தக் குறியீடும் அவருக்குத் துணைக்கு வந்திருக்காது. அறிவியல் வரலாறு எழுதுகிறவர் இதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். நிதி ஒதுக்குகிற அதிகாரியின் மேசைக்கு இது வரக்கூடாது.