சென்னையிலிருந்து டொரன்டோவுக்கு நேரே பறக்க வேண்டும்

பள்ளியில் புவியியல் நடத்திய காலமெல்லாம் உலக உருண்டையில் நூல் வைத்துத்தான் பிள்ளைகளுக்குத் தூரம் காட்டுவேன். ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை டொரன்டோவிலும் வைத்து இறுக்கினால் நூல் மேற்கே போகாது, வடக்கே ஏறும். பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து என்று போய்க் கனடாவுக்குள் மேலிருந்து இறங்கும். சுமார் 13,400 கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய 16 மணி நேரம்.

ஆனால் அப்படிப் பறக்கும் விமானம் கிடையாது. மகளின் பிரசவத்துக்காக டொரன்டோவிலுள்ள ஸ்கார்பரோவுக்குப் போனபோது, என் வீட்டைப் பூட்டியதிலிருந்து அவள் வீட்டுப் படியேறும்வரை ஒன்றரை நாள் ஓடிவிட்டது.

தூரத்தின் மேல் பழி போட முடியாது. லண்டன் வழியாகப் போனாலும் சுமார் 550 கிலோமீட்டர்தான் கூடுதல். நடுவில் இறங்கி ஏறுவதுதான் வயதானவர்களை வாட்டுகிறது. நடுராத்திரியில் மறுபடி சோதனை, மறுபடி வளையலைக் கழற்று, பையைத் திற. பலகையில் கேட் எண் மாறும். அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். எனக்கு ஆங்கிலம் தெரியும், சமாளித்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். தள்ளிவந்த பையன் அவரை அங்கே விட்டுவிட்டு எங்கோ போயிருந்தான். "பிள்ளை, பிளேன் என்னை விட்டுட்டுப் போயிடுமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கழிப்பறைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பயத்தில் தண்ணீரே குடிக்கவில்லை. அந்த நாலைந்து மணி நேரத் தவிப்பு எந்தப் பயண அட்டவணையில் எழுதியிருக்கிறது?

16 மணி நேரம் ஒரே விமானத்தில் இருப்பதும் உடம்புக்குச் சோதனைதான். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார அமைப்பு 2007இல் சொன்னது. ஆனால் விமானத்துக்குள் எழுந்து நடக்கலாம், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். வண்டி போய்விடுமோ என்ற பதைப்பு இல்லை.

இதைவிட நீண்ட பயணங்கள் நடக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரை நிற்காமல் கடக்கும் விமானம் 2018இல் மறுபடியும் வந்துவிட்டது. அனுமதியும் இருக்கிறது: 2022 நவம்பரில் இந்தியாவும் கனடாவும் விரிவாக்கிய விமான ஒப்பந்தத்தில் கனடிய நிறுவனங்கள் பறக்கக்கூடிய ஊர்களில் சென்னையும் ஒன்று.

வானம்தான் இடையில் அடைபட்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா தன் வான்வழியைக் கனடிய விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியது. சுற்றிப் போனால் எரிபொருளும் நேரமும் கூடும் என்பது உண்மை. ஆனால் டெல்லியிலிருந்து டொரன்டோ போகும் விமானங்களுக்கும் அதே வானம்தானே? அங்கே மட்டும் வழி கண்டுபிடிக்கிறார்கள். பயணிகளுக்கும் பஞ்சமில்லை: டொரன்டோவில் தமிழர்கள் திரளாக வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் வருவதால் அங்குள்ள பெற்றோருக்கும் சென்னை வாசலாகும்.

மாநில அரசும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்த நேரடி விமானத்தை டெல்லியில் வற்புறுத்திக் கேட்க வேண்டும். அதுவரை டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அம்மா அப்பாவை இரண்டு ஊரில் இறக்கி ஏற்றாதீர்கள். ஒரே இடத்தில் மாறும் டிக்கெட்டாகப் பாருங்கள். சக்கர நாற்காலியை முன்பே பதிவு செய்யுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.