1818 ராமர் காசும் லட்ச ரூபாய்க் கனவும்

“கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் அடித்த ராமர் பட்டாபிஷேகச் செப்புக்காசு கையில் இருந்தால் லட்சம் நிச்சயம்.” காஞ்சிபுரம் வட்டாரத்தில் இந்தப் படமும் செய்தியும் சுற்றாத வாட்ஸ்அப் குழு குறைவு. பூஜை அறைச் சொம்பில் கிடக்கும் காசை எடுத்துப் பார்த்தால் ராமர், சீதை, அனுமன், மறுபக்கம் தாமரையோ கம்பெனி பெயரோ. நம்பத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு காலும் ஆட்டம் காண்கிறது.

சாமி உருவத்தைக் கம்பெனி பொறித்ததே இல்லையா என்றால், பொறித்தது. சென்னைக் கோட்டை அக்கசாலையில் மூன்று சாமி வராகன் அடித்தார்கள். வேங்கடவனும் இரு தேவியரும் அதில் நிற்பார்கள். நட்சத்திர வராகனில் திருமாலும் மறுபக்கம் நட்சத்திரமும் உண்டு. ஆனால் அவை சுமார் 3.4 கிராம் எடையுள்ள பொன் காசுகள். அரையணா என்று எழுதிய ராமர் செப்புக்காசு வேறு கதை. 1818-இல் சென்னையில் செப்பு நாணயத்துக்கு அணா அல்ல, ‘காசு’ என்ற அலகில்தான் கணக்கு. வெள்ளி ரூபாய் நிலையான நாணயமானதே அந்த ஆண்டுதான். நாடு முழுக்க ஒரே அச்சாக அரையணா வந்தது 1835-இல். சுமார் 12.95 கிராம் எடையுள்ள அதில் ராமர் இல்லை, கம்பெனியின் சின்னம்தான். ராமர் காசுகள் பக்தர்களுக்காகப் பின்னாளில் செய்த வில்லைகள். இதே ரகத்தில் 1616, 1717 என்று பொறித்தவையும் சந்தையில் உண்டு. 1616-இல் சென்னையில் கம்பெனிக்குக் கோட்டையே கிடையாது!

“ஆண்டு தெளிவாகப் போட்டிருக்கிறதே” என்பது அடுத்த வாதம். உண்மையான நாணயத்திலேயே ஆண்டை நம்ப முடியாது. சென்னை அக்கசாலை அடித்த ஆற்காடு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172-ம் இருக்கும். அந்த முகலாயப் பேரரசர் 1759-இல் கொலையுண்டார். அதே பெயரையும் ஆண்டையும் 19-ஆம் நூற்றாண்டிலும் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காலனியிலும் இதே வேலைதான்: பைன் மர ஷில்லிங்குகள் எல்லாவற்றிலும் 1652 என்றே இருக்கும், பல ஆண்டு கழித்து அடித்தவை என்றாலும். செப்பேட்டு ஆய்வாளர்களுக்கு இது புதிதல்ல. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டைக் கல்வெட்டு ஆய்வாளர் ஹூல்ட்ஸ் 1890-இல் பதிப்பித்த அதே காலத்தில், மன்னர் பெயரைத் தாங்கி வந்த பொய்ச் செப்பேடுகளை இன்னொரு ஆய்வாளர் ஃபிளீட் எழுத்தின் வடிவம் கொண்டு பிரித்துக்காட்டினார். பெயர் யாருக்கும் வெட்டத் தெரியும்.

பழசு என்றாலே விலை என்பதும் பொய். 1809 ஜனவரியில் சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அதன் வயிற்றில் 1808-ஆம் ஆண்டு பொறித்த பத்துக்காசு, இருபதுகாசுகள் டன் கணக்கில். 1980-களில் மேலே கொண்டுவந்ததும் அவை லட்சக்கணக்கில் சந்தையில் புழங்கின. இருநூறு ஆண்டைத் தாண்டிய அசல் கம்பெனிக் காசு, ஆனால் சில்லறை விலைக்கே கிடைக்கும்.

புளி போட்டுத் தேய்த்தால் மதிப்புக் கூடும் என்று நினைப்பவர்களிடம்தான் கோபம் வருகிறது. செம்பின் மேல் பல்லாண்டாகப் படிந்த பழுப்புப் பூச்சு போனால் காசு மொட்டையாகிவிடும். சேகரிப்போர் முதலில் தேடுவதே அந்தப் பூச்சைத்தான். வார்த்தெடுத்த போலியா என்று அறிய, விளிம்பில் வார்ப்பு வரி ஓடுகிறதா, மேற்பரப்பில் கொப்புளக் குழிகள் உள்ளனவா என்று பார்ப்பதும் அவர்கள் வழக்கம். அச்சில் அடித்த காசில் அவை இரா.

தரம் பிரித்து பிளாஸ்டிக் உறையில் அடைத்த சான்று இருந்தால் போதும் என்போரும் உண்டு. அப்படித் தரம் பிரிக்கும் 70 புள்ளி அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்தது, அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக. கையால் சுத்தியல் கொண்டு அடித்த வராகனில் அச்சு கோணலாக விழுந்திருக்கும். ஆரம்பத்திலேயே மங்கலாகப் பதிந்ததைத் தேய்மானம் என்று எண்ணிப் புள்ளியைக் குறைத்துவிடலாம். அச்சின் குறையையும் புழக்கத்தின் குறையையும் பிரித்தறிய, அந்த அக்கசாலையின் வேலையைப் பல காசுகளில் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் தெளிவாகச் சொன்னது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் அதற்குப் பங்கில்லை, அதன் பெயரில் கட்டணமோ கமிஷனோ கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த மோசடியில் காசு விற்பவரே முதலில் பணம் கட்டுகிறார். ‘வாங்குபவர்’ அதன்பின் தொலைபேசியை எடுப்பதில்லை.