அத்திப்பட்டுக் கடையும் அயல்நாட்டு விதியும்

அனல்மின் நிலையங்களும் துறைமுகச் சாலைகளும் சூழ்ந்த அத்திப்பட்டில், வடமாநிலங்களிலிருந்து வந்து உழைக்கும் இளைஞர்கள் சிறு கடைகளின் வழியே ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். அவ்வாறு ரொக்கமாகச் செலுத்துவோர் சரிபார்க்கப்பட்ட கைப்பேசி எண்ணும் அடையாள ஆவணமும் தந்து பதிந்துகொள்ளல் வேண்டும் எனும் ரிசர்வ் வங்கியின் ஆணை 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வியர்வை சிந்திச் சேர்த்த சில ஆயிரத்திற்கு இத்துணைக் கேள்வியா என அவர்கள் முணுமுணுத்தால் அதனைக் குறைகூற இயலாது. எனினும் அக்கேள்வியின் வேர் எங்குளது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

1989இல் பாரிசில் கூடிய ஏழு செல்வ நாடுகள் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை நிறுவின. அடுத்த ஆண்டே அக்குழு, கறைபடிந்த பணத்தை வெளுத்துக் காட்டும் வஞ்சகத்தைத் தடுக்க 40 பரிந்துரைகளை வகுத்தது. வங்கி வழியே வாழ்வு நடத்தும் நாடுகளை மனத்திற்கொண்டு எழுந்த அவ்விதிகள், உண்டியல் வழக்கம் ஊறிய நம் நாடுகளுக்கு அப்படியே பொருந்துமா? (உண்டியல் என்றாலே குற்றம் என்று இன்று எண்ணுகிறோம். நாட்டுமொழி ஆவணங்கள் பற்றிய உள்ளூர் வழக்கத்தைத் தொடாது விட்டது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்!) இவ்விடைவெளியில்தான் வட்டார அமைப்புகள் பயன்படுகின்றன. 1997இல் பாங்காக்கில் தோன்றி, சிட்னியில் செயலகம் கொண்டு இயங்கும் ஆசிய பசிபிக் குழு அவற்றுள் ஒன்று. ஓர் உறுப்பு நாட்டை மற்ற உறுப்பு நாடுகளின் அதிகாரிகளே சென்று ஆராய்கின்றனர்; சட்டம் ஏட்டில் உறங்குகிறதா, நாட்டில் நடக்கிறதா என்றும் பார்க்கின்றனர்; குறை கண்டவிடத்துப் பயிற்சி தந்து துணைநிற்கின்றனர்.

இலங்கையின் கதை இதற்குத் தக்க சான்று. 2006இலேயே அங்குச் சட்டம் பிறந்தது. 'பணம் தூயதாக்கல்' எனும் அவர்களின் சொல்லாட்சி நம் நாளேடுகளின் நீண்ட தொடரினும் அழகியது. ஆயினும் 2015இல் ஆசிய பசிபிக் குழுவின் அறிக்கை பல ஓட்டைகளைச் சுட்டியது. 2017இல் பாரிசுக் குழு அந்நாட்டைக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றியது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியமும் அபாய நாடெனக் குறித்தது. அதன்பின் அறக்கட்டளைச் சட்டம் உட்படப் பலவும் திருத்தப்பட்டன. வட்டார ஆய்வுக்குழு நேரில் சென்று பார்த்தது. 2019 அக்டோபரில் பட்டியலிலிருந்து இலங்கை விடுபட்டது. அயலாரின் 2015ஆம் ஆண்டு எச்சரிக்கைக்கு அன்றே செவிசாய்த்திருப்பின் அவ்விரண்டு ஆண்டு அவமானம் நேர்ந்திராது என்பது நம் கருத்து.

1998இல் ஆசிய பசிபிக் குழுவிலும் 2010இல் பாரிசுக் குழுவிலும் சேர்ந்த இந்தியா, 2024இல் வெளிவந்த ஆய்வறிக்கையில் நன்மதிப்பே பெற்றது. எனினும் மூன்று பரிந்துரைகளில் ஓரளவே தேறியது. அவற்றுள் ஒன்று, இலாப நோக்கற்ற அமைப்புகள் பற்றிய எட்டாம் பரிந்துரை. ஸகாத்தும் ஸதக்காவும் திரட்டிப் பள்ளியும் கல்லூரியும் நடத்தும் நம் சமுதாயம் இங்குக் கண்விழித்திருத்தல் வேண்டும். அறநிறுவனங்கள் தீயோர்க்கு எளிதில் இரையாவன எனும் பொருள்பட முன்னர் அப்பரிந்துரையில் இருந்த சொற்கள், அந்நிறுவனங்களே முறையிட்டதன் பயனாக 2016இல் நீக்கப்பட்டன. அபாயம் உள்ள இடத்தில் மட்டும், அதற்கேற்ற அளவில் கட்டுப்பாடு என்பதே இன்றைய நெறி. அந்நெறியை எடுத்துக்காட்டி நியாயம் கேட்க நமக்கு உரிமையுண்டு. அமானிதப் பணத்தின் கணக்கை ஐயத்திற்கிடமின்றி எழுதி வைத்திருப்போர்க்கே அவ்வுரிமை வலுப்பெறும்.

அத்திப்பட்டுத் தொழிலாளிக்கும் அதே நெறி உரியதன்றோ? அவரிடம் அட்டை கேட்பது ஏன் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி, ஒவ்வொரு கடை வாயிலிலும் வங்கிகள் தொங்கவிடட்டும்.